ஹாரிஸ் கவுண்டியில் (ஹூஸ்டன் இருக்கும் டெக்சாஸ் மாவட்டம்) பிடிவாரண்ட் இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

ஹூஸ்டன் நண்பர்களே, ஒரு உதவி.

2 வருடம் முன்பு வேகமாக ஓட்டியதற்காக என் தம்பிக்கு அபராத டிக்கெட் கொடுத்தார்கள். வீடு மாறியதில் அந்தத் தாள் தொலைந்துபோய், கோர்ட் தேதியையும் கோட்டை விட்டுவிட்டான். இப்போது வாரண்ட் இருக்குமோ என்று லைசென்ஸ் புதுப்பிக்கவே பயப்படுகிறான்.

ஷெரிஃப் தளத்தின் சிறைத் தேடலில் உள்ளே இருப்பவர்கள்தான் வருகிறார்கள். டிஸ்ட்ரிக்ட் கிளார்க் (கோர்ட் பதிவாளர்) தளத்தில் கிரிமினல் வழக்குகள் உண்டு. ஆனால் டிக்கெட் சமாச்சாரம் சிறு வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்டிலோ நகரத்தின் முனிசிபல் கோர்ட்டிலோ அல்லவா இருக்கும்? பிடித்தது நகரப் போலீஸா, கவுண்டி கான்ஸ்டபிளா என்பதே அவனுக்கு நினைவில்லை (அவன் அப்படித்தான்!). கூகிளில் தேடினாலோ, 'பதிவு கிடைத்தது' என்று சிவப்பில் மிரட்டிக் காசு கேட்கும் தனியார் தளங்கள்தான்.

பெயரும் பிறந்த தேதியும் மட்டும் வைத்துத் தேட முடியுமா? நேரில் போய்க் கேட்டால் அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்களா? வக்கீல் வைத்து முடித்தவர்கள் இருந்தால் சொல்லுங்களேன்.