புதுப்பிப்பு: கணினி ஃபேன் வேகம் பிழையாகக் காட்டியதற்குக் காரணம் கிடைத்தது

நிமிடத்துக்கு 1200 சுற்றுக்கு மேல் ஓடாத முன்பக்க ஃபேன், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) 2300, 1700, சில நேரம் 0 என்று காட்டுகிறது எனப் போன வாரம் கேட்டிருந்தேன்.

உப்புவெளியில் கடலோர வீடு, உப்புக்காற்று ஃபேன் இணைப்பின் பின்களை அரித்திருக்கும் என்று பலர் சொன்னீர்கள். எனக்கும் அதே சந்தேகம்தான். கழற்றிப் பார்த்தால் பின்கள் பளிச்சென்று இருந்தன.

பிழை, இரண்டு ஃபேன்களை ஒரே இடத்தில் இணைக்கும் ஸ்பிளிட்டர் வயரில். ஃபேன் ஒரு சுற்றுக்கு 2 மின் துடிப்புகளை மூன்றாவது வயர் வழியே அனுப்பும். மதர்போர்ட் (கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகை) அவற்றை எண்ணித்தான் வேகத்தைக் கணக்கிடும். முறையான ஸ்பிளிட்டரில் ஒரு ஃபேனின் துடிப்பு மட்டுமே போகும். நான் வாங்கிய மலிவான வயரில் இரண்டும் போய்க் கலந்து, எண்ணிக்கை குழம்பியிருக்கிறது.

கரண்டை நிறுத்திவிட்டு, ஸ்பிளிட்டரில் ஒரு பக்கத்து மூன்றாவது பின்னை மட்டும் ஊசியால் அழுத்தி வெளியே எடுத்து டேப் சுற்றினேன். இப்போது 1180 பக்கத்தில் நிலையாக நிற்கிறது. சரி, ஒரு குறை உண்டு: பின் எடுத்த பக்கத்து ஃபேன் நின்றுபோனால் கணினி சொல்லாது. அதனால் அடிக்கடி பெட்டியைத் திறந்து பார்க்கப்போகிறேன்.

ஸ்பிளிட்டரைக் கழற்றி ஒவ்வொரு ஃபேனாகப் போட்டுப் பார்க்கச் சொன்ன அண்ணாவுக்கு மனமார்ந்த நன்றி.