புதன்கிழமை ஜூமில் 60 பேர், சனிக்கிழமை நேரில் 9 பேர்: இ.யூ.வை எப்படி நடத்துவது?

கோவை_பட்டதாரி

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியின் இ.யூ.வுக்கு (Evangelical Union, கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம்) நாலு வருடமாக வெளியிலிருந்து உதவுகிறேன். ஐடி வேலை, அதனால் சாயங்காலமும் சனிக்கிழமையும்தான் என்னால் கொடுக்க முடிந்த நேரம்.

2020 மார்ச் ஊரடங்கில், அப்போதிருந்த மாணவர்கள் ஜூமில் ஒரு புதன்கிழமை ஜெபத்தை ஆரம்பித்தார்கள். அது இன்றைக்கும் நிற்காமல் நடக்கிறது, 60 பேர் வரைக்கும் சேருகிறார்கள், யாரைக் கேட்டாலும் ஆசீர்வாதமாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் சனிக்கிழமை 3 மணிக்குக் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு சபை ஹாலில் கூடுகிற வேத ஆராய்ச்சிக்குப் போன வாரம் வந்தது 9 பேர். அதில் மூன்று பேர் கமிட்டி.

இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று ஹாலில் நாற்காலி மேல் லேப்டாப்பை வைத்து லிங்க் கொடுத்துப் பார்த்தோம். ஆன்லைனில் இருந்தவர்களுக்கு மின்விசிறிச் சத்தம்தான் கேட்டதாம், ஹாலில் இருந்தவர்களோ ஒருவரை ஒருவர் பார்க்காமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் அந்த 9 பேரிலும் இரண்டு பேர் “நான் லிங்கில் வந்துவிடுகிறேன் அண்ணா” என்று மெசேஜ் போட்டார்கள்.

புதன்கிழமையை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். கமிட்டியில் பாதிப் பேருக்குச் சம்மதம், பாதிப் பேருக்குக் கோபம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இன்லண்ட்_லெட்டர்

தம்பி, நான் பாளையங்கோட்டையில் படித்தது 80களில். எங்கள் காலத்தில் எல்லாமே நேருக்கு நேர்தான் என்று பெருமை பேசத்தான் உட்கார்ந்தேன், யோசித்துப் பார்த்தால் அது உண்மையில்லை. கோடை விடுமுறை இரண்டு மாதம் நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஊர், அந்த இரண்டு மாதமும் என்னைத் தாங்கினது ஒரு சீனியர் அண்ணன் போட்ட நீல நிற இன்லண்ட் லெட்டர்கள்தான். மடிக்கிற ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதியிருப்பார், நான் பதில் போடாவிட்டாலும் அடுத்தது வரும். அப்புறம் ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் பஸ் ஏறி எங்கள் ஊருக்கே வந்து, அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். லெட்டர் மட்டும் வந்து அவர் வராமல் இருந்திருந்தால் நான் எப்படி ஆகியிருப்பேன் என்று தெரியாது. லெட்டர் வராமல் அவர் மட்டும் திடீரென்று வந்து நின்றிருந்தால், “யார்டா இவன்” என்று எங்கள் அப்பா கேட்டிருப்பார்.

வேதத்தில் சபைகளுக்கு நிருபம், அதாவது கடிதம், எழுதின பவுலையே பாருங்கள். ரோமருக்கு எழுதினார், கூடவே பெபேயாள் என்கிற சகோதரியை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் ஒப்புவிக்கிறார். கொலோசெயருக்கு எழுதும்போது என் செய்தியெல்லாம் உடன் ஊழியன் தீகிக்கு வந்து சொல்லுவான் என்கிறார். தெசலோனிக்கேயாவுக்குத் தான் போக முடியாதபோது முதலில் தீமோத்தேயுவை அனுப்பிவிட்டு, அவன் திரும்பி வந்து நிலைமையைச் சொன்ன பிறகுதான் நிருபம் எழுதுகிறார். யோவானோ இரண்டாம் நிருபத்தின் முடிவில், எழுத நிறைய இருக்கிறது, ஆனால் காகிதமும் மையும் வேண்டாம், வந்து முகமுகமாய்ப் பேசுகிறேன் என்கிறார். அதையும் காகிதத்தில்தானே எழுதினார்!

அதனால் நிறுத்தாதீர்கள். ஆனால் உங்கள் புதன்கிழமையிலிருந்து யார் பஸ் ஏறி யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள்.

நாலாவது_மாடி_ஹாஸ்டல்

அண்ணா, நான் மூன்றாம் வருடம், பெண்கள் ஹாஸ்டல், வேறு ஊர். உங்கள் பதிவைப் படித்ததும் கொஞ்சம் கோபம்தான் வந்தது, மன்னிக்கவும்.

எங்கள் கேட் 6 மணிக்கு மூடிவிடுவார்கள். சனிக்கிழமை வெளியே போக அவுட்பாஸ் வேண்டும், அதற்கு வீட்டிலிருந்து வார்டனுக்கு போன் வர வேண்டும், எல்லா வாரமும் அப்பாவிடம் கேட்க முடியாது. வீட்டில் சொல்லாமல் வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்கள் எந்தக் காரணத்தைச் சொல்லி அவுட்பாஸ் கேட்பார்கள்? ஹாலுக்கு வருகிற அண்ணன்மார் “அர்ப்பணிப்பு இல்லை” என்று பேசும்போது இதெல்லாம் அவர்களுக்குத் தெரியுமா என்று நினைத்துக்கொள்வேன்.

கேமரா ஏன் போடுவதில்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். ரூமில் நாலு பேர் இருக்கிறோம், ஒருத்தி துணி மடிப்பாள், ஒருத்தி தூங்குவாள், அவர்களை எப்படிக் காட்டுவது?

ஆனால் ஒன்று சொல்கிறேன், எங்கள் மாடியில் நாங்கள் மூன்று பேர் ஒரே போனில் சேருவோம், இரண்டு காதுக்கு ஒரு இயர்போன், மூன்றாவது ஆள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். மீட்டிங் முடிந்த பிறகு மொட்டை மாடியில் நாங்களாகவே ஜெபிப்போம். அந்தப் பத்து நிமிடம் நேரில் கூடுவது இல்லையா? அதை எந்த வருகைப் பதிவிலும் யாரும் எழுதுவதில்லை.

அப்புறம் இன்னொரு விஷயம். போன வருடம் ஒரு ஜூனியர் தன் வீட்டுப் பிரச்சினையை ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அது வகுப்பு குரூப்புக்குப் போய், இரண்டே நாளில் அவள் சித்தி வரைக்கும் போய்விட்டது. அவள் அதற்குப் பிறகு வரவே இல்லை. இப்போது எங்களுக்குள் ஒரு ஒழுங்கு: குரூப்பில் ஆள் பெயர் மட்டும், விஷயம் நேரில் அல்லது போனில். பெண் பிள்ளைகளை அக்காமார்தான் விசாரிக்க வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு அண்ணன்மார் யாரும் தனி மெசேஜ் போடக் கூடாது. ஆன்லைன் ஊழியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஏன் முதலில் பேசுவதில்லை என்று தெரியவில்லை.

மியூட்_போடுங்க_பிரதர்

பிரதர், ஒரு சின்னக் கேள்வி. அந்த 60 பேரில் இப்போது கல்லூரியில் படிக்கிறவர்கள் எத்தனை பேர்? 2020-இல் ஆரம்பித்தவர்கள் எல்லாம் படித்து முடித்துப் போயிருப்பார்களே. எங்கள் ஐ.சி.இ.யூ.விலும் (பல கல்லூரி மாணவர்கள் சேர்ந்த இ.யூ.) இதே மாதிரி 45 பேர் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம், எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் பெங்களூரில் வேலை பார்க்கிற பழைய மாணவர்கள், நல்ல பிள்ளைகள்தான், ஆனால் அவர்கள் நீளமாக ஜெபித்து முடிப்பதற்குள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். பழைய மாணவர்களுக்கு மாதம் ஒருமுறை தனியாக வைத்துவிட்டோம்.

லேப்டாப்பை நாற்காலியில் வைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரே கூட்டத்தை இரண்டு இடத்தில் நடத்தினால் இரண்டு பக்கமும் பாதிக் கூட்டம்தான் கிடைக்கும். நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். சேர்ந்து பாடுவது நேரில் மட்டும், ஏனென்றால் ஆன்லைனில் சத்தம் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும், பத்துப் பேர் பாடினால் பத்துத் தாளம் கேட்கும். வேத ஆராய்ச்சி ஐந்து பேர் குழுவாக இருந்தால் ஆன்லைனிலும் நன்றாகவே நடக்கிறது, பகுதியை முந்தின நாளே குரூப்பில் போட்டுவிட வேண்டும், மலையாளம் தெலுங்கு பிள்ளைகள் இருந்தால் ஆங்கிலத்திலும் போட வேண்டும். இலவச ஜூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும் அல்லவா, அதையே நாங்கள் கடிகாரமாக வைத்துக்கொண்டோம், மறுபடி லிங்க் போடுவதில்லை. வழிநடத்துகிறவர் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டார், அதுவே பெரிய அற்புதம்.

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு மட்டும் ஒரு விதி: முதல் சந்திப்பு நேரில். கேன்டீனோ கல்லூரி பஸ்ஸோ எங்கேயாவது ஒரு முகத்தைப் பார்த்த பிறகுதான் அவர்கள் நம்பரை குரூப்பில் சேர்ப்போம். முகம் தெரியாத 80 பேர் குரூப்பில் சேர்த்துவிட்டால் மறுநாளே மியூட் போட்டுவிடுகிறார்கள்.

யாழ்_சைக்கிள்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு 2022-ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் ஆன்லைனும் இல்லை, நேரும் இல்லை என்கிற நிலைமை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, ஜூன் கடைசியிலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோல். கம்பஸ் பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். சூம் போட்டால் கரண்ட் போகிற நேரம் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொன்று, பேசுகிறவர் இருப்பார், கேட்கிறவர் இருக்க மாட்டார்.

அப்போது நாங்கள் பெரிய கூட்டத்தை விட்டுவிட்டு, சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதினோம். இரண்டு பேர், மூன்று பேர். எல்லோருக்கும் ஒரே பகுதி, குறுஞ்செய்தியில் மூன்று கேள்வி. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் வாரக் கடைசியில் எனக்கு ஒரு கோல் எடுத்து என்ன கதைத்தார்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நிலைமை சரியான பிறகும் அந்தச் சின்னக் குழுக்கள் கலையவில்லை, கம்பஸ் திறந்த பிறகு பெரிய கூட்டத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்ததே அவர்கள்தான். அந்தத் தங்கச்சி சொன்ன மொட்டை மாடி ஜெபத்தை வாசித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

கோவை_பட்டதாரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். போன புதன்கிழமை சேர்ந்தது 58 பேர், அதில் இப்போதைய மாணவர்கள் 21. மற்றவர்கள் பட்டதாரிகள், இரண்டு பேர் துபாயிலிருந்து, ஒருவர் நான். மியூட் பிரதர் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

தங்கச்சி, கோபப்பட்டது சரிதான். எங்கள் பெண்கள் ஹாஸ்டலில் கேட் எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்று இன்று காலையில் முதல் தடவையாகக் கேட்டேன். நாலு வருடத்தில் முதல் தடவை. 6.30-ஆம்.

இப்போதைக்கு நினைத்திருப்பது: புதன்கிழமை மாணவர்களுக்கு மட்டும், 40 நிமிடம். பட்டதாரிகளுக்கு மாதக் கடைசியில் தனியாக. சனிக்கிழமையில் லேப்டாப் கிடையாது. ஹாஸ்டல் மாடி மாடியாக யார் யார் இருக்கிறார்கள் என்று யாழ்ப்பாண அண்ணா சொன்ன மாதிரி ஒரு தாள் எழுதச் சொல்லியிருக்கிறேன். பெண்கள் பக்கம் போய்ப் பார்க்க ஓர் அக்கா வேண்டும், வேலைக்குப் போகிற பட்டதாரி அக்காமார் இரண்டு பேரைக் கேட்டிருக்கிறேன், ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

டே ஸ்காலர்களை என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. கல்லூரி பஸ் 4.30-க்குக் கிளம்பிவிடுகிறது, அதைத் தவறவிட்டால் அவர்கள் வீடு போய்ச் சேர இருட்டிவிடும்.

நாலாவது_மாடி_ஹாஸ்டல்

அண்ணா, பஸ்ஸிலேயே இரண்டு பேர் இருந்தால்? எங்கள் கல்லூரியில் பின் சீட்டில் அப்படி ஒன்று ஓடுகிறது. ஒன்றரை மணி நேரப் பயணம், வேறு வேலை என்ன இருக்கிறது?