வொண்டர்லா டிக்கெட் 599 ரூபாய்க்குன்னு வாட்ஸப்ல வருது, நம்பலாமா? உண்மையான தள்ளுபடி எங்க கிடைக்கும்?

மலைக்கோட்டை வாசி:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் திருச்சியிலேர்ந்து குடும்பத்தோட சென்னை வர்றோம். திருப்போரூர் பக்கம் இல்லலூர்ல 2025 டிசம்பர்ல திறந்த வொண்டர்லாவுக்கு ஒரு நாள் போகணும். மொத்தம் 9 பேர். பெரியவங்க நாலு பேர், அப்பா (67), அம்மா (62), காலேஜ் முதல் வருஷம் படிக்கிற தங்கச்சி பையன், அப்புறம் 7 வயசுல ஒருத்தன், 11 வயசுல ஒருத்தி.

குடும்ப குரூப்ல ஒரு மெசேஜ் சுத்துது: "சிறப்புச் சலுகை! 1,500 ரூபாய் டிக்கெட் வெறும் 599. இன்னும் 2 மணி நேரம் மட்டுமே." கீழ ஒரு லிங்க், ஒரு க்யூஆர் கோடு. ஃபேஸ்புக்லயும் இதே விளம்பரம் ஓடுது, அந்தப் பக்கத்துக்கு 8,000 ஃபாலோயர்ஸ் இருக்காங்க. இது நிஜமா? இல்லைன்னா 9 பேருக்கு நேர்மையா எவ்வளவு குறைக்க முடியும்?

கணக்குப்பிள்ளை:

அந்த 599 பக்கமே போகாதீர்கள். பார்க்குகள் தரும் உண்மையான சலுகைக்கு எப்போதும் ஒரு நிபந்தனை இருக்கும்: இன்ன நாள், இன்ன வயது, இன்ன அட்டை, இத்தனை பேர், இத்தனை நாளுக்கு முன்னால் பதிவு. யாருக்கும் எந்த நாளுக்கும் 60 சதவீதம் என்றால், எதற்காகக் குறைக்கிறார்கள் என்பதற்குக் காரணமே இல்லை.

உங்கள் 9 பேர் கணக்குக்கு வருவோம். முதலில் எந்த நாள் போவது என்று முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பார்க்கின் சொந்தத் தளத்தில் தேதியை மாற்றி மாற்றிப் பாருங்கள். வார நாளுக்கும் சனி ஞாயிறுக்கும் பண்டிகை விடுமுறைக்கும் விலை வேறு வேறாக இருக்கும். செவ்வாய், புதன் போக முடிந்தால் விலையும் குறைவு, வரிசையும் குறைவு. அந்த நாட்களில் கூடுதல் பணம் கொடுத்து, நீண்ட வரிசையைத் தவிர்க்கும் ஃபாஸ்ட்ராக் டிக்கெட் வாங்குவது என் கணக்கில் வீண் செலவு. ஞாயிறு டிக்கெட்டுக்குக் கூப்பன் தேடி அலைவதைவிட, புதன்கிழமைக்கு மாறுவதில் மிச்சம் அதிகம்.

அடுத்து ஆட்களைப் பிரியுங்கள். அப்பா அம்மா இருவருக்கும் மூத்த குடிமக்கள் டிக்கெட். ஆதார் போல வயது போட்ட அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள். காலேஜ் பையனுக்கு மாணவர் டிக்கெட். அதற்குக் கல்லூரியின் அசல் ஐடி அட்டை வேண்டும், ஃபோனில் எடுத்த ஃபோட்டோவை ஏற்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலாம் ஆண்டு என்பதால் அட்டை இன்னும் கைக்கு வராமல் இருக்கலாம். அப்படியென்றால் இங்கே படிக்கிறார் என்று கல்லூரி எழுதித் தரும் போனஃபைட் சான்றிதழ் செல்லுமா என்று பதிவு செய்வதற்கு முன்பே பார்க்கின் உதவி எண்ணில் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வாசலில் வித்தியாசத்தைக் கட்ட வேண்டிவரும்.

குழந்தைகள் விஷயத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வயதை வைத்து டிக்கெட் எடுக்கிறார்கள், ஆனால் அங்கே உயரம்தான் கணக்கு. 140 செ.மீ. தாண்டினால் பெரியவர் டிக்கெட். 11 வயதுப் பெண்ணுக்கு 138-ம் இருக்கலாம், 144-ம் இருக்கலாம். செருப்பில்லாமல் குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, தலைக்கு மேல் ஒரு அட்டையை மட்டமாக வைத்துக் கோடு போட்டு, டேப்பால் அளந்துவிட்டு டிக்கெட் எடுங்கள். சிறுவர் டிக்கெட் எடுத்து உயரம் கூடிப்போனால் கவுன்டரில் மீதியைக் கட்டினால் போதும். தேவையில்லாமல் பெரியவர் டிக்கெட் எடுத்துவிட்டால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவதுதான் பாடு.

விலையை ஒப்பிடும்போது ஜிஎஸ்டியைக் கவனியுங்கள். தீம் பார்க்குக்கு 18 சதவீதம். ஒரு தளம் 1,271 என்றும் இன்னொன்று 1,500 என்றும் காட்டினால் முதலாவது மலிவு என்று தோன்றும். 1,271-க்கு 18 சதவீதம் சேர்த்தால் அதுவும் 1,500 தான். அதற்கு மேல் கன்வீனியன்ஸ் ஃபீ வேறு. பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய், அங்கே காட்டும் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

மீதி இருப்பது நாலு பெரியவர்கள். வங்கி அட்டைச் சலுகை இவர்களுக்குத்தான் உதவும், ஏனென்றால் மாணவர், மூத்தோர் டிக்கெட்டில் பெரும்பாலும் இரண்டாவது சலுகை ஏறாது. அட்டைச் சலுகையில் சதவீதத்தைவிட உச்சவரம்புதான் முக்கியம். "10% தள்ளுபடி, அதிகபட்சம் 300, குறைந்தபட்ச பில் 2,500" என்று இருந்தால், 6,000 ரூபாய் பில்லுக்கும் 300 தான் கிடைக்கும். இரண்டு பேரிடம் அந்த வங்கி அட்டை இருந்தால் மூவாயிரம் மூவாயிரமாக இரண்டு பதிவு போடுங்கள், 600 ஆகும். அலுவலகத்தில் எச்ஆரிடமும் கேளுங்கள், சில நிறுவனங்களுக்குத் தனி விலை உண்டு. தேர்வு முடிந்த கையோடு பத்தாவது, பன்னிரண்டாவது ஹால் டிக்கெட்டுக்குச் சலுகை, மார்ச் 8-ஐ ஒட்டி மகளிருக்கு ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம் என்பதெல்லாம் முந்தைய ஆண்டுகளில் வந்தவைதான். ஆனால் அந்தந்த நேரத்தில் பார்க்கின் சலுகைப் பக்கத்தில் இருந்தால் மட்டுமே நம்புங்கள்.

இன்னொரு செலவு உள்ளே காத்திருக்கிறது. தண்ணீர் விளையாட்டுகளுக்குப் பருத்தித் துணி, புடவை, ஜீன்ஸ் ஆகாது. நைலான், லைக்ரா மாதிரி செயற்கை இழை உடைதான் வேண்டும். அதை வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் 9 பேருக்கு உள்ளே வாங்கும் செலவு மிச்சம். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்பதால், உணவோடு சேர்த்த காம்போ விலையையும் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

செம்பருத்தி:

கணக்குப்பிள்ளை சார் சொன்னதோட, அந்த லிங்க்கை எப்படிச் சோதிக்கிறதுன்னு சொல்றேன். அடுத்த தடவை வேற மெசேஜ் வந்தாலும் உதவும்.

முகவரியில முதல் ஒத்தைச் சாய்கோட்டுக்கு முன்னாடி இருக்கிற கடைசி ரெண்டு துண்டுதான் ("டாட் கோ டாட் இன்"னு முடிஞ்சா கடைசி மூணு) நிஜமான சொந்தக்காரர். "பார்க்பெயர் டாட் காம் டாட் மெகாஆஃபர் டாட் ஷாப்" அப்படின்னு இருந்தா அது பார்க்கோட தளம் இல்ல, "மெகாஆஃபர் டாட் ஷாப்"ங்கிற யாரோ ஒருத்தரோடது. முன்னாடி எந்தப் பெயரை வேணும்னாலும் ஒட்ட வைக்கலாம். பூட்டுப் படம் இருக்கேன்னு ஏமாறாதீங்க. அது இடையில யாரும் படிக்க முடியாதுன்னு மட்டும்தான் சொல்லும், எதிர்ல இருக்கிறவன் நல்லவன்னு சொல்லாது. அந்தப் பெயர் எப்போ பதிவாச்சுன்னு, இணைய முகவரிகளோட பதிவு விவரம் காட்டுற ஹூ-இஸ் தேடல்ல இலவசமாப் பார்க்கலாம். போன வாரம் பதிவான முகவரின்னா அதுக்கு மேல யோசிக்கவே வேண்டாம்.

ஃபேஸ்புக் பக்கத்துல "அறிமுகம்" பகுதிக்குள்ள பக்க வெளிப்படைத்தன்மைன்னு ஒண்ணு இருக்கும். எப்போ ஆரம்பிச்ச பக்கம், இதுக்கு முன்னாடி என்ன பெயர் வெச்சிருந்தாங்க, நிர்வாகிகள் எந்த நாட்டுல இருக்காங்கன்னு அங்க தெரியும். சமையல் குறிப்புப் பக்கத்தையோ நடிகர் ரசிகர் பக்கத்தையோ விலைக்கு வாங்கிப் பெயரை மாத்திடுவாங்க. உங்க 8,000 ஃபாலோயர்ஸ் அப்படி வந்தவங்களா இருக்கலாம்.

க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணினா, பின் நம்பர் போடுறதுக்கு முன்னாடி பணம் யாருக்குப் போகுதுங்கிற பெயர் திரையில வரும். 2025 ஜூன் 30-லேர்ந்து வங்கிக் கணக்குல இருக்கிற பெயரைத்தான் ஆப் காட்டணும். அங்க கம்பெனி பெயருக்குப் பதிலா தனிமனிதர் பெயர் வந்தா அப்பவே வெளிய வந்துடுங்க. "பணம் அனுப்பிட்டு ஸ்கிரீன்ஷாட் வாட்ஸப் பண்ணுங்க, டிக்கெட் வரும்"னு எந்த நிஜ பார்க் தளமும் கேட்காது. ஒழுங்கான தளத்துல பணம் போன உடனே டிக்கெட் தானா மெயிலுக்கு வந்துடும்.

பில் அனுப்பினா அதுல இருக்கிற ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்க. எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 15 இடம், முதல் ரெண்டு எண் மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, கேரளா 32, கர்நாடகா 29. ஜிஎஸ்டி இணையதளத்துல வரி செலுத்துவோர் தேடல்ல அந்த எண்ணைப் போட்டா யார் பெயர்ல இருக்குன்னு தெரிஞ்சிடும். இதுக்கு லாகின் கூட வேண்டாம்.

டிக்கெட்னு சொல்லி ஏபிகே ஃபைல் அனுப்பினா தொடவே தொடாதீங்க. டிக்கெட்னா பிடிஎஃப், இல்லன்னா படம். ஏபிகேங்கிறது ஆப். அதை நிறுவினா உங்க எஸ்எம்எஸ் எல்லாம் அவங்க கைக்குப் போயிடும், ஓடிபியும் சேர்த்து.

மலைக்கோட்டை வாசி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஆனா இப்பத்தான் தெரிய வந்துச்சு, தங்கச்சி காலைல 10 மணிக்கே அந்த க்யூஆர்ல ரெண்டு டிக்கெட்டுக்கு 1,198 அனுப்பிட்டா. டிக்கெட் வரல. கேட்டதுக்கு, "ஜிஎஸ்டி 500 கட்டினா டிக்கெட் ரிலீஸ் ஆகும், அந்தப் பணம் திரும்ப வரும்"னு சொல்றானாம். இப்ப என்ன பண்றது?

வங்கி மேசை:

அந்த 500-ஐ அனுப்ப வேண்டாம். அதையும் கட்டினால் அடுத்தது சர்வர் கட்டணம், அதற்கடுத்து ரீஃபண்ட் கட்டணம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக, இணையப் பண மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண் 1930-க்கு ஃபோன் செய்யுங்கள். பணம் அவர்கள் கணக்கில் நிற்கும்போதே புகார் போனால்தான் அதை முடக்க முடியும். அங்கிருந்து வேறு கணக்குகளுக்குச் சிதறவோ ஏடிஎம்மில் எடுக்கவோ அதிக நேரம் ஆகாது, அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பேசும்போது கையில் இருக்க வேண்டியவை: தங்கச்சியின் வங்கிப் பெயரும் கணக்கு எண்ணும், தொகை, நேரம், பணம் போன யுபிஐ முகவரி, பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண். ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் யுடிஆர் அல்லது யுபிஐ டிரான்ஸாக்‌ஷன் ஐடி என்று இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஐடி ஒன்றும் பக்கத்தில் இருக்கலாம், அது ஆப்பின் சொந்த எண். 12 இலக்கமும் வெறும் எண்ணாக இருப்பதைச் சொல்லுங்கள். புகார் எண் ஒன்று தருவார்கள். அதை வைத்து தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் முழு விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட்டோடு பதிவு செய்து முடிக்க வேண்டும்.

அடுத்து வங்கியின் அதிகாரப்பூர்வ எண். டெபிட் அட்டையின் பின்புறம் இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். கூகுளில் கஸ்டமர் கேர் என்று தேடினால் அங்கேயும் போலி எண்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஆப்பிலேயே அந்தப் பரிவர்த்தனைக்குக் கீழே புகார் பொத்தான் இருக்கும், அதையும் அழுத்துங்கள். வாட்ஸப் உரையாடலை அழிக்கவும் வேண்டாம், அவனைத் திட்டி பிளாக் செய்யவும் வேண்டாம். எண், லிங்க், க்யூஆர் மூன்றும் தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் பிளாக் செய்யலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை என்கிற ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதி, உங்களுக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைக்கானது. நீங்களே பின் போட்டு அனுப்பியதை வங்கி அப்படி எடுத்துக்கொள்ளாது. அதனால் இங்கே முதல் நம்பிக்கை 1930-இன் முடக்கம்தான். இனி டிக்கெட் எடுக்கும்போது முடிந்தால் கிரெடிட் கார்டைப் பயன்படுத்துங்கள். சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் எதிர்ப்புப் பதிந்து பணத்தைக் கேட்க அதில் வழி உண்டு.

தங்கச்சியைக் குடும்பத்தில் யாரும் கடிந்துகொள்ள வேண்டாம். திட்டு வாங்குவோமே என்று பயந்துதான் பலர் சொல்லாமல் நாளைக் கடத்துகிறார்கள், பணமும் போய்விடுகிறது.

செம்பருத்தி:

பணம் அனுப்பாம மெசேஜ் மட்டும் வந்தவங்க, மத்திய தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல, மோசடி அழைப்பு, மெசேஜுக்கான சக்ஷு பகுதியில அந்த எண்ணைப் புகார் பண்ணலாம். குடும்ப குரூப்ல அந்த மெசேஜுக்குக் கீழயே "இது மோசடி"ன்னு போடுங்க, இல்லன்னா அடுத்து சித்தப்பா அனுப்புவார்.

இன்னும் ரெண்டு வலை இருக்கு. ஒண்ணு, "எங்களால போக முடியல, 3 டிக்கெட் பாதி விலைக்குத் தர்றேன்"னு வர்றது. டிக்கெட் நிஜமாவே இருக்கலாம். ஆனா க்யூஆருக்குள்ள இருக்கிறது வெறும் ஒரு எண். அதே படத்தைப் பத்துப் பேருக்கு வித்தாலும் வாசல்ல முதல்ல ஸ்கேன் பண்றவங்களுக்குத்தான் கதவு திறக்கும். மத்த ஒன்பது பேருக்கு "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது"ன்னு வரும். வாங்குறதுக்கு முன்னாடி இதைச் சோதிக்க உங்களுக்கு வழியே கிடையாது.

ரெண்டாவது, மால்லயோ பெட்ரோல் பங்க்லயோ கூப்பன் நிரப்பச் சொல்லி, "பார்க் டிக்கெட் பரிசு, கணவன் மனைவி சேர்ந்து வந்து வாங்கிக்கோங்க"ன்னு கூப்பிடுறது. போனா ஒன்றரை மணி நேரம் உட்கார வெச்சு ஹாலிடே மெம்பர்ஷிப் விப்பாங்க. கிரெடிட் கார்டு கொண்டு வாங்கன்னு முன்னாடியே சொன்னா காரணம் அதுதான். பரிசுக்குப் பதிவுக் கட்டணம்னு ஒரு ரூபா கேட்டாலும் எழுந்து வந்துடுங்க.

மலைக்கோட்டை வாசி:

1930-ல புகார் எண் வாங்கியாச்சு, இணையதளத்துலயும் பதிஞ்சாச்சு. பொண்ணை அளந்தேன், 141 செ.மீ. புதன்கிழமைக்கு மாத்திட்டோம். பார்க்கோட தளத்துலயே மூத்தோர் 2, மாணவர் 1, சிறுவர் 1, பெரியவர் 5-ன்னு எடுக்கப் போறோம். ஐடி அட்டை இன்னும் வரல, நாளைக்கு அந்த உதவி எண்ல போனஃபைட் பத்திக் கேட்டுட்டு அப்புறம்தான் பணம் கட்டுவோம்.