அஃபோர்டன்ஸ் என்பதற்குத் தமிழ்: இடங்கொடையா, வாகா, ஏதுவா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இளங்கலை உளவியல் மாணவர்களுக்கான பாடநூலில், கருவிகளோடும் கட்டடங்களோடும் மனிதர் புழங்கும் முறையை ஆராயும் இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குத் தர வேண்டும். 'அஃபோர்டன்ஸ்' என்ற ஒரு சொல்லில் வேலை நின்றுவிட்டது. ஜேம்ஸ் கிப்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர் ஒரு வினைச்சொல்லிலிருந்து தாமே ஆக்கிக்கொண்ட பெயர்ச்சொல் இது. 1979-இல் வெளிவந்த தம் நூலில் இதை விரிவாக விளக்கினார். ஒரு சூழல் தன்னில் வாழும் உயிருக்கு, அது நன்மைக்கானாலும் தீமைக்கானாலும், எதைச் செய்ய இடம் தருகிறதோ அதற்கு இப்பெயர். முழங்கால் உயரத்தில் தட்டையாகவும் உறுதியாகவும் இருக்கும் திண்ணை எனக்கு உட்கார இடம் தருகிறது. தவழும் குழந்தைக்கோ அதே திண்ணை பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத்தான் உதவும். ஆகவே இது திண்ணைக்கு மட்டும் உரிய பண்பும் ஆகாது, பார்ப்பவரின் மனக்கற்பனையும் ஆகாது.

1988-இல் டொனால்ட் நார்மன் என்னும் அறிவாற்றல் ஆய்வாளர் இதை வடிவமைப்புத் துறைக்குக் கொண்டுவந்தபோது, ஒரு பொருளைப் பார்த்ததும் இன்னது செய்யலாம் என்று நமக்குத் தோன்றுவதே முதன்மை பெற்றது. இரு கருத்தையும் தாங்கும் சொல் வேண்டும். 'வாய்ப்பு' என்றால் வேலைவாய்ப்பு நினைவுக்கு வருகிறது. 'ஈவு' கணக்குப் பாடத்தில் வகுத்தலுக்குப் போய்விட்டது. 'இடங்கொடை' என்று போடலாமா?

மொழிபெயர்ப்பாளர், அடையாறு

---

அம்மையீர்,

'இடங்கொடை' ஓசையில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு இடங்கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்பதும், இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பதும் நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் பேச்சு. மாணவன் அந்தப் பழிச்சொல்லின் வாடையோடுதான் உங்கள் சொல்லைப் படிப்பான்.

சொல்லைத் தேடும் முன் வேற்றுமையைப் பாருங்கள். நீங்கள் தந்த எடுத்துக்காட்டில் 'எனக்கு', 'குழந்தைக்கு' என்று தம்மை அறியாமலே நான்காம் உருபு வந்து நிற்கிறது. 'எப்பொருளாயினும் கொள்ளும்' என்று தொல்காப்பியர் அதற்கு இலக்கணம் வகுத்தார். தொழிலுக்குரிய காரணங்களை எண்ணும்போது 'இன்னதற்கு', 'இதுபயன்' என்ற இரண்டையும் சேர்த்துக்கொண்டார். கிப்சன் தனிச்சொல் படைத்துச் சொல்ல வேண்டியிருந்த உறவைத் தமிழ் ஒரு 'கு' உருபில் வைத்திருக்கிறது. எனவே எச்சொல்லைத் தேர்ந்தாலும் 'இன்னாருக்கு' என்ற கூறு வாக்கியத்தில் விடுபடாமல் நிற்க வேண்டும்.

என் பரிந்துரை 'வாகு'. கைக்கு வாகான அரிவாள், ஏற வாகான படி என்று ஊரில் சொல்கிறோம். உருபும் உடன் வந்துவிடுகிறது. தோள் என்ற பொருளில் வரும் வாகு வடமொழி பாகுவின் திரிபு, அது வேறு. நம் வாகு, வளைதற்கருத்துடைய 'வாங்கு' என்பதோடு இனமானது என்பது என் துணிபு. வளைந்து கொடுப்பது வாகு. வாங்கிய வில், வாங்கல், வங்கு (வளை) என்று இந்தத் தடத்தில் இன்னும் நெடுந்தொலைவு போகலாம். அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்

---

ஐயா,

தனி மடலுக்குக் காத்திருக்கிறோம். அதற்குள் செயலி வடிவமைப்பவன் என்ற முறையில் ஒரு சோதனையை வைக்கிறேன். ஒரு கலைச்சொல் தனியே நின்றால் போதாது. அடைமொழி ஏற்க வேண்டும். 1991-இல் வில்லியம் கேவர் என்னும் வடிவமைப்பு ஆய்வாளர் இதையே மூன்றாகப் பிரித்தார்: கண்ணுக்குப் புலப்படுவது, இருந்தும் மறைந்திருப்பது, இல்லாமலே இருப்பதுபோல் காட்டுவது. எங்கள் அலுவலகக் கட்டடத்துக் கண்ணாடிக் கதவில் இருபுறமும் ஒரே மாதிரி நீளக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். உள்ளிருந்து வெளியே போக அதைத் தள்ள வேண்டும். கைப்பிடியைக் கண்டவுடன் கை தானாக இழுக்கிறது. 'தள்ளவும்' என்று தாள் ஒட்டியும் பயனில்லை, அதன் மேலேயே கையை வைத்து இழுக்கிறார்கள். இழுப்பதற்கு இங்கே 'பொய் வாகு' இருக்கிறது என்றால் யாருக்குப் புரியும்?

இன்னொரு தடை பெரியது. வாகு எப்போதும் வசதியைக் குறிப்பது. கிப்சனோ தீமையையும் சேர்த்தார். காம்பவுண்டுச் சுவர் மேல் பதித்த கண்ணாடிச் சில்லு கையைக் கிழிக்க 'வாகாக' இருக்கிறது என்று எந்த ஊரிலும் சொல்லமாட்டார்கள்.

என்னைக் கேட்டால், 'அஃபோர்டன்ஸ்' என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம். தரமணியில் நாங்கள் அப்படித்தான் பேசுகிறோம். மாணவர் நாளைக்கு இணையத்தில் தேடப்போவதும் அந்தச் சொல்லைத்தான்.

வடிவமைப்பாளர், தரமணி

---

அனைவருக்கும் வணக்கம்.

வகுப்பறையில் இதை நடத்துகிறவள் என்பதால் எழுதுகிறேன். ஒலிபெயர்த்துக் கொடுத்தால் மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்குவார்கள். கருத்து உள்ளே இறங்காது. 1984-இல் வில்லியம் வாரன் செய்த படிக்கட்டு ஆய்வை நான் ஆண்டுதோறும் சொல்லித் தருகிறேன். நெட்டையரும் குட்டையருமான இரு குழுவினரிடம் வெவ்வேறு உயரப் படிகளைக் காட்டி, கையூன்றாமல் ஏற முடியுமா என்று கேட்டார். சென்டிமீட்டரில் பார்த்தால் இரு குழுவின் விடைகளும் வேறுவேறு. கால் நீளத்தால் வகுத்துப் பார்த்தாலோ இரண்டும் ஏறத்தாழ 0.88 என்ற ஒரே எல்லையில் வந்து நின்றன. நம் உயர்தளப் பேருந்தின் முதல் படியில், ஒரு கையில் பையும் மறு கையில் புடவைக் கொசுவமுமாக நிற்கும் மூதாட்டியைச் சொன்னதும் வகுப்பு முழுவதும் தலையாட்டுகிறது. அந்தப் படி அவருக்கு ஏற ஏதுவாக இல்லை என்பதுதான் அவர்கள் வாயில் வருகிற சொல். எனவே 'செயலேது' என்று வைக்கலாம்.

சிலர் தனி மடலில் 'செயற்பான்மை' என்று எழுதியிருந்தார்கள். அதை ஏற்க முடியாது. 'செயற்பால தோரும் அறனே' என்ற குறளில் அது செய்தே தீர வேண்டியதைக் குறிக்கிறது. பொருள்கள் நம்மைச் செய் என்று அழைக்கின்றன என்ற கருத்து குர்ட் லெவின் என்னும் உளவியலாளருடையது. கிப்சன் அதிலிருந்து விலகவே தம் சொல்லை ஆக்கினார். அஞ்சல் போட வேண்டியவனைத்தான் அஞ்சல்பெட்டி ஈர்க்கிறது என்று குர்ட் கோஃப்கா என்னும் உளவியலாளர் எழுதினார். கிப்சன் மறுத்தார்: அஞ்சல் முறை உள்ள ஊரில், கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு, அவர் கையில் இன்று கடிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்பெட்டி அஞ்சலிட இடம் தந்துகொண்டே இருக்கிறது.

உளவியல் ஆசிரியை, நுங்கம்பாக்கம்

---

அம்மா,

'ஏது' வடமொழி ஹேது. மணிமேகலையில் வரும் 'ஏது நிகழ்ச்சி' பழவினை முதிர்ந்து காரணமாவதைச் சொல்வது. திண்ணை நம்மை உட்காரவைக்கும் காரணம் ஆகாது என்று நீங்களே அஞ்சல்பெட்டியை வைத்து நிறுவிவிட்டுக் காரணப்பெயரையே சூட்டுகிறீர்களே!

மயிலாப்பூர்

---

ஐயா, வடவெழுத்தை ஒருவி வந்தால் வடசொல்லும் செய்யுட்குரிய சொல்லாகும் என்று இடம் தந்தவர் தாங்கள் முதலில் காட்டிய தொல்காப்பியரே. மேலும் 'படிக்க ஏதுவான சூழல்' என்று சொல்லும் எவருக்கும் இன்று காரணம் என்ற பொருள் மனத்தில் இல்லை.

நுங்கம்பாக்கம்

---

இருவரும் பொறுத்தருள்க. 'செயலேது' என்று தலைப்புப் போட்டால், செயல் எங்கே இருக்கிறது என்று கேட்பதுபோல் ஒலிக்கிறது. எங்கள் மேலாளர் திங்கட்கிழமைதோறும் கேட்கும் கேள்வி அது.

தரமணி

---

குழுவினருக்கு,

அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். வந்த மடல்களில் பெரும்பான்மை 'ஏது' பக்கமே இருப்பதாலும், கேள்விபோல் ஒலிக்கும் குறையைத் தவிர்க்க வேண்டியிருப்பதாலும், 'ஏதுநிலை' என்று முடிவு செய்கிறேன். புலப்படும் ஏதுநிலை, மறை ஏதுநிலை, பொய் ஏதுநிலை என்று கேவரின் மூன்றும் அமைகின்றன. முதல் பயன்பாட்டில் மட்டும் 'அஃபோர்டன்ஸ் எனப்படும் ஏதுநிலை' என்று எழுதுவேன். யாருக்கு என்பது விடுபடாமல் வரையறையிலேயே நான்காம் வேற்றுமையை வைத்திருக்கிறேன். அதற்கு மயிலாப்பூர் ஐயாவுக்கு நன்றி.

தள்ளவும், இழுக்கவும் என்று உணர்த்தும் அடையாளத்துக்கு நார்மன் பின்னாளில் வைத்த 'சிக்னிஃபையர்' என்ற சொல் எஞ்சியிருக்கிறது. 'குறிப்பான்' என்பதை மொழியியலார் முன்பே எடுத்துக்கொண்டார்கள். 'சுட்டி' கணினியின் எலியைக் குறித்துவிட்டது. வியாழன் மாலைக்குள் யாரேனும் சொன்னால் சேர்த்துக்கொள்கிறேன்.

அடையாறு

---

அம்மையீர்,

சொல் கிடைக்காத இடத்திலெல்லாம் 'நிலை'யைச் செருகும் வழக்கம் நமக்கு எப்போது வந்ததோ! வெப்பநிலை, மனநிலை, சூழ்நிலை, இப்போது ஏதுநிலை. அச்சிடுங்கள், தடுக்கவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். என்னிடம் பாடம் கேட்க வருவோருக்கு 'வாகு' என்றே சொல்லிக்கொடுப்பேன். கண்ணாடிச் சில்லுக்குத் தரமணித் தம்பி எழுப்பிய தடைக்கு விடை, வாங்கல் பற்றிய தனி மடலின் மூன்றாம் பகுதியில் வரும்.

மயிலாப்பூர்