கேட்காமல் எடுத்த படம்: உங்களுக்கு என்ன நடந்தது?

புறக்கோட்டைக் கமெரா:
கொழும்பில் செட்டியார் தெருப் பக்கம் போகிறவர்களுக்கு நாட்டாமிமாரை, அதுதான் மூட்டை சுமக்கிற, வண்டி இழுக்கிற தொழிலாளிகளை, தெரியும். வண்டி இழுத்துக்கொண்டு வந்த ஒரு ஐயாவை எடுத்தேன். வண்டியை நடுரோட்டில் இறக்கிவிட்டு நேரே வந்தார். ஏசப்போகிறார் என்று பார்த்தால், "இத வித்தா எவ்வளவு வரும் தம்பி?" என்றார். விற்கமாட்டேன் என்றேன். "அப்ப எதுக்கு எடுத்தீங்க?" பின்னால் லொறி ஹோர்ன் அடிக்கிறது, மனிதர் அசையவில்லை. அழிக்கவும் சொல்லவில்லை, அதுதான் கூடக் கரைச்சல்.

வெள்ளவத்தை அக்கா:
உங்களிடமாவது அவர் கேட்க முடிந்தது. ஆடிவேல் தேர் வந்தபோது நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அடுத்த வருடம் மாமி போன் எடுத்து, "பிள்ளை, நீ கலண்டரில வந்திருக்கிறாய்" என்கிறா. ஒரு கடைக்காரர் அடித்தது. மேலே என் முகம், கீழே அவர்களுடைய போன் நம்பர். போய்க் கேட்டேன். "வடிவாத்தானே இருக்கு" என்று சொல்லி இன்னொன்றைச் சுருட்டிக் கையில் தந்தார்கள்.

மருதானை:
கோட்டையில் ஒரு சிப்பாய் கமெராவைப் பார்த்துக் கையைக் காட்டினார், அழித்தேன், அவ்வளவுதான் என் கதை. ஆனால் மேலே உள்ள இரண்டையும் போட்டுக் குழப்பவேண்டாம்: படம் எடுப்பது வேறு, அதை வெளியிடுவது வேறு. தெருவில் நிற்பவரைப் படம் எடுக்க அனுமதி வேண்டும் என்று இங்கே இலங்கையில் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. 1955ஆம் ஆண்டின் உத்தியோகபூர்வ இரகசியங்கள் சட்டம் தடைசெய்யப்பட்ட இடங்களுக்கு, நாட்டாமி ஐயாவுக்கு அல்ல. ஜெர்மனியில் 1907இலேயே, ஒருவர் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். நம் அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை என்று தனியாக ஒன்று எழுதப்படவில்லை. அக்காவுக்கு உள்ள வழி, ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கே இருக்கிற உரோம-டச்சுச் சட்டம்: மானத்துக்கு ஊறு செய்ததாகச் சிவில் வழக்கு. பதிப்புரிமையைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி அது படம் எடுத்தவருக்குத்தான். 2022இல் வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டுத் தேவைக்கு வைத்திருக்கும் படத்தைத் தொடாது. கலண்டர் வீட்டுத் தேவையா, சொல்லுங்கள்? முதலில் ஒரு பிரதியைப் பத்திரப்படுத்தி, சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சண்டை பிடிக்கவேண்டாம்.

வெள்ளவத்தை அக்கா:
வழக்குப் போடலாமா என்று நான் கேட்கவே இல்லையே தம்பி! அந்த ஐயா கேட்டது காசைப் பற்றி. அதற்கு உங்கள் சட்டத்தில் என்ன இருக்கிறது?

கொட்டாஞ்சேனை:
நான் கேட்டுத்தான் எடுப்பேன். சரி என்பார்கள், அடுத்த நொடி சட்டையை இழுத்துவிட்டு, கையைக் கட்டி விறைப்பாக நிற்பார்கள். எடுத்ததெல்லாம் அடையாள அட்டைப் படம் மாதிரியே வருகிறது.