ஜப்பானிய மொழியில் ஒருவரின் உயரத்தை எழுதுவது எப்படி?

கேள்வி (பினாங்கு, பாயான் லெப்பாஸ்)
வணக்கம். எங்கள் தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து வரும் பொறியாளர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வர ஓட்டுநர் ஒருவரும் என் தோழியும் செல்கிறார்கள். இருவரையும் அடையாளம் காணும்படி நான் மின்னஞ்சல் எழுத வேண்டும். ஓட்டுநர் நல்ல உயரம், ஐந்தடி பதினொரு அங்குலம் இருப்பார். உயரமானவர் என்பதற்கு 'தக்காய்' என்று மட்டும் எழுதினால் போதுமா? அளவை எப்படிக் குறிப்பது?

மறுமொழி (கோலாலம்பூர், ஜப்பானிய மொழி ஆசிரியர்)
போதாது, சகோதரி. 'தக்காய்' விலை மிகுதியையும் குறிக்கும் என்பதால், ஆளைப் பற்றிச் சொல்லும்போது உடல் உயரத்தைக் குறிக்கும் 'ஸெ' என்னும் சொல்லைச் சேர்த்து 'ஸெ கா தக்காய்' என்பார்கள். எதிர்ச்சொற்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்: உயரம் குறைந்தவருக்கு 'ஸெ கா ஹிக்குய்', விலை குறைந்த பொருளுக்கு 'யசுய்'. 'அவருக்கு உயரம் அதிகம்' என்று ஆளை முன்னிறுத்திப் பண்பைப் பின்னால் சொல்லும் நமக்கு, 'உன்தென்ஷு வா ஸெ கா தக்காய் தெஸ்' என்ற அமைப்பு எளிதில் பிடிபடும். இதில் 'உன்தென்ஷு' என்பது ஓட்டுநர். ஜப்பானில் உயரத்தைச் செண்டிமீட்டரில்தான் சொல்வார்கள். ஆகவே 180 செண்டிமீட்டர் என்று மாற்றி, 'ஷின்ச்சோ வா ஹ்யாக்கு ஹச்சிஜுஸ்ஸென்ச்சி தெஸ்' என்று எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி, ஐயா. என் தோழி குள்ளமானவர். அவருக்கு 'ஸெ கா ஹிக்குய்' என்று எழுதினால் மனம் புண்படுமோ என்று தயங்குகிறேன்.

மறுமொழி (பட்டர்வொர்த்)
உங்கள் தயக்கம் நியாயமானது. இலக்கணப்படி அது சரியே என்றாலும், ஒருவரைக் குறித்து நேராக அப்படிச் சொன்னால் சுருக்கென்று தைக்கும். சிறிய உடல்வாகு என்று பொருள்படும் 'கொகாரா' இதமானது. 'கொகாரா நா ஜோஸெய்' என்றால் சிறிய உடல்வாகுள்ள பெண். 'சிபி' என்ற சொல்லை அறவே தவிர்த்துவிடுங்கள். அது இழிவாக ஒலிக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மரியாதை கருதி எல்லாப் பெயர்களோடும் 'சான்' சேர்க்க நமக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் தம் நிறுவனத்தாரைப் பற்றி வெளியாருக்கு எழுதும்போது, அவர் மேலாளரே ஆனாலும், ஜப்பானியர் 'சான்' சேர்ப்பதில்லை. ஆகவே ஓட்டுநரின் பெயரை வெறுமனே எழுதி, 'ஸெ நோ தக்காய் தன்ஸெய்', அதாவது உயரமான ஆண், என்று குறிப்பிடுங்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது 'கா' இருக்கும் இடத்தில் 'நோ' வருவதும் வழக்கம்தான். சட்டையின் நிறத்தையும் ஒரு வரி சேர்த்துவிட்டால் கூட்டத்தில் அவர்களைக் கண்டுபிடிப்பது எளிது.