தீயணைப்பு நிலையத் திட்டமிடல்: ‘வந்துசேர் நேரம்’ சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

தீயணைப்பு நிலையத் திட்டமிடலுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில், ‘ரெஸ்பான்ஸ் டைம்’ (அழைத்ததிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேரும் வரை ஆகும் நேரம்) என்பதற்கு உங்களிடமிருந்து இதுவரை வந்த மூன்று சொற்களையும் வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன். ‘பதில் நேரம்’ நிற்கவில்லை. பதில் என்றாலே வாயால் சொல்வதுதான் நினைவுக்கு வருகிறது. ‘எதிர்வினை நேரம்’ ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்கும் இடைவெளிக்குப் பொருந்துகிறது. ஒரே அறிக்கையில் இரண்டும் வந்தால் குழப்பம். ‘சென்றடையும் நேரம்’ கிட்டத்தட்ட சரி. ஆனால் அது வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் சொல். போன் செய்துவிட்டுப் புகையைப் பார்த்தபடி வாசலில் நிற்பவர், ‘எப்போது வந்து சேருவார்கள்?’ என்றுதான் கேட்பார். கடிகாரம் ஓடுவது அவருக்காக. ஆகவே என் பரிந்துரை ‘வந்துசேர் நேரம்’.

இது மொத்தக் கணக்கு. இதற்குள் மூன்று துண்டுகள் உண்டு: அழைப்பைக் கேட்டு, இடம் புரிந்து, நிலையத்துக்குத் தகவல் சொல்ல ஆகும் நேரம், வீரர்கள் தயாராகி வண்டி நகர ஆகும் நேரம், சாலையில் ஓடும் நேரம். மூன்றுக்கும் தனிப் பெயர் வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 1710ஆம் தரநிலை, தீ அழைப்புக்குத் தயாராகிக் கிளம்ப 80 விநாடி, முதல் வண்டி ஓடிவர 240 விநாடி என்று பிரித்தே இலக்கு வைக்கிறது. புதிதாக ஒரு நிலையம் கட்டினால் குறைவது ஓட்ட நேரம் மட்டும்தான். இரவு இரண்டு மணிக்கு மணி அடித்ததும் படுக்கையிலிருந்து எழுந்து, பூட்சின் மேல் மடித்து வைத்த கால்சட்டைக்குள் காலை நுழைத்து, வண்டியில் ஏறிப் பெல்ட் போடுவது வரை ஆகும் நேரம் அப்படியேதான் இருக்கும். அதைக் குறைக்கப் படுக்கையறைக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், கோளாறு கட்டடத்துக்குள் இருக்கும்போது புது நிலையத்துக்கு மனை தேடிப் புறப்பட்டுவிடுவோம்.

அப்புறம், ‘கவரேஜ்’. ‘சேவை எல்லை’ என்றால் வார்டு எல்லை மாதிரி, நிர்வாகம் கிழித்த கோடு என்று படுகிறது. இங்கே சொல்ல வருவது, நான்கு நிமிடத்தில் வண்டி எட்டக்கூடிய நிலப்பரப்பு. வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டால் அது கிடைக்காது. ஆற்றுக்கு அக்கரையில் அரைக் கிலோமீட்டரில் இருக்கும் தெரு, பாலம் சுற்றி வரவேண்டியிருந்தால் வெளியே போய்விடும். நேர்ச்சாலையில் அதைவிடத் தொலைவில் உள்ள வீடு உள்ளே வரும். அதன் விளிம்பை, சமஉயரக்கோடு போலச் ‘சமநேரக்கோடு’ எனலாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. உள்ளே அடங்கும் பரப்புக்கு ‘எட்டுபரப்பு’ என்று முதலில் எழுதினேன். எண் எட்டோடு மோதுகிறது. ‘எட்டல் பரப்பு’ ஆக்கியிருக்கிறேன். சர்ச், ரெவெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974இல் தந்த கணித மாதிரி, இத்தனை நிலையங்கள்தான் என்றால் அவற்றை எங்கெங்கே வைத்தால் அதிகம் பேர் உள்ளே அடங்குவார்கள் என்று பார்ப்பது. அதை ‘பெரும எட்டல்’ என்றால் பொருந்தி வருகிறது.

இடறுவது, முதலில் சொன்ன மூன்று துண்டுகளில் நடுத்துண்டுதான்: வீரர்கள் தயாராகி வண்டி நகர ஆகும் நேரம். ‘புறப்பாட்டு நேரம்’ என்றால் ரயில் நிலையப் பலகை நினைவுக்கு வருகிறது. ‘ஆயத்த நேரம்’ என்று வைத்திருக்கிறேன். காலையில் குழாய்களைச் சோதித்து வைப்பதும் ஆயத்தம்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானது. மணி அடித்ததிலிருந்து சக்கரம் உருளும் வரை என்பதை மட்டும் சொல்லும் ஒரு சொல் உங்களில் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அதற்காகவே பட்டியலை இன்னும் முடிக்காமல் வைத்திருக்கிறேன்.